பந்து பட்டதால் அல்ல

எறிபந்து நெஞ்சில் பட்டதால்தான் ஸ்டெல்லா டீச்சருக்குப் புற்றுநோய் வந்தது என்று சொல்கிறவர்கள் திண்டுக்கல்லில் இன்னமும் இருக்கிறார்கள். போன வாரம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து அதையே சொன்னார். நான் மெஷினை நிறுத்திவிட்டு, "இல்லம்மா, பந்தால அது வராது" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். அவர் போன பிறகுதான் இதை எழுதிவைக்கத் தோன்றியது. ஒவ்வொருவரிடமாகச் சொல்லி மாளவில்லை.

ஸ்டெல்லா என் நாத்தனார். என் கணவர் அந்தோணிக்கு அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் உடற்கல்வி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரமில்ல" என்பார். எங்கள் வீட்டு மாடியில் அவருக்கு ஒரு அறை. காலை ஐந்தரைக்கு அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தெருவில் பால் வாங்கக் கிளம்புவார்கள். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், முற்றத்தில் என்னை நிறுத்தி, "நிமிந்து நட செலின். யார்ட்ட என்ன திருடிட்டு வந்த?" என்று கேட்டவர். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு என் முதுகு நேராக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

வருடத்துக்கு நாலு ஜாக்கெட் அவருக்கு நான்தான் தைப்பேன். அவர் அளவு எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை வெகுநாள் அரித்தது.

ஒரு நாள் மாலை, பயிற்சியில் ஒன்பதாம் வகுப்பு அபிராமி எறிந்த பந்து அவருடைய இடது மார்பில் பட்டது. பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் குளிக்கும்போது வலித்த இடத்தை அமுக்கிப் பார்த்திருக்கிறார். நெல்லிக்காய் அளவு ஏதோ கைக்கு அகப்பட்டது. ஈரத்தலையோடு கீழே இறங்கி வந்தார். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"செலின், இங்க கை வை."

வைத்தேன். கல் மாதிரி இருந்தது. நகரவில்லை. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

மறுநாளே உள்ளூர் டாக்டர் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே முதலில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே அது. வலிக்கும், ஆனால் உயிர் போகிற வலி இல்லை. அடுத்தது பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு தடித்த ஊசியைக் கட்டிக்குள் விட்டு, நூல்துண்டு மாதிரி கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் நான் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்தேன். மதினி ஒரு நாளும் பள்ளிக்குப் போகத் தவறவில்லை.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கேன்சர்தான். கட்டி பெருசா இருக்கு, நெறிக்கும் போயிருக்கு. முதல்ல மருந்து குடுத்துச் சுருக்குவோம். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட்." ரேடியேஷனைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்பார்கள். நான், "அந்தப் பந்து பட்டதாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பந்தால கேன்சர் வராதும்மா. அது உள்ள ரொம்ப நாளாவே இருந்திருக்கு. பந்து நல்லதுதான் செஞ்சிருக்கு. அது படலேன்னா இவங்க இன்னும் ஆறு மாசம் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க."

மதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாவட்டப் போட்டி வருது. எத்தன நாள் லீவு போடணும்?"

திரும்பி வரும் பேருந்தில், வாடிப்பட்டி தாண்டியதும், நான் என் கேள்வியை எடுத்தேன். என் மகள் பிரின்சிக்கு அப்போது ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு வத்தலக்குண்டு பக்கம், பையனுக்கு நல்ல வேலை, தோப்பும் உண்டு.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. குடும்பத்துல இந்த நோயின்னு தெரிஞ்சா யோசிப்பாக. நிச்சயம் முடியற வரைக்கும் வெளிய சொல்ல வேணாமே."

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொடைரோடு வந்தது. பிறகு, "நிச்சயம் வரைக்கும்தான்" என்றார்.

பந்து பட்டு நெஞ்சில் ரத்தம் கட்டிவிட்டது, தோளும் வலிக்கிறது, சிகிச்சை எடுக்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அதனால்தான் அதை அழிக்கிற வேலையும் என்னுடையது என்று நினைக்கிறேன்.

கீமோ என்பது நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. வேகமாகப் பெருகுகிற எதையும் அது கொல்லும். கட்டி வேகமாகப் பெருகுகிறது, அதைக் கொல்லும். முடியும் வாய்க்குள் இருக்கிற தோலும் ரத்த அணுக்களும் வேகமாகப் பெருகுகிறவைதான், அவற்றையும் விட்டுவைக்காது. மதினிக்கு முதலில் ஏற்றியது ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு சிவப்பு மருந்து. சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியும் நான் பயந்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, காலையில் போனால் சாயங்காலம் திரும்பலாம். நாலாம் நாளிலிருந்து வாய்ப்புண் வரும். அப்போது அந்தோணி தன் மோட்டார் ரிப்பேர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு இளநீர் வாங்கி வருவார். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கை. கிரீஸ் கறை போகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அக்காவுக்கு இளநீரைச் சீவிக் கொடுப்பார்.  குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

பதினாறாம் நாள் தலையணை முழுக்க முடி. மறுநாள் அவரே நாவிதரை வரவழைத்து மொட்டை போட்டுக்கொண்டார். நான் மதுரைக்குப் போய் ஒரு விக் வாங்கி வந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "டீச்சருக்கு இந்த வயசுலயும் என்ன அடர்த்தியான முடி!" என்றார். நான் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை.

இரண்டாவது கீமோ முடிந்து பத்து நாள் இருக்கும். பள்ளியிலிருந்து கணக்கு டீச்சர் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "நம்ம அபிராமி கிரவுண்டு பக்கமே வர்றதில்ல டீச்சர். வீட்ல சரியாச் சாப்புடறதும் இல்லையாம். தான் எறிஞ்ச பந்தாலதான் ஒங்களுக்கு இப்பிடி ஆயிருச்சுன்னு புள்ளைக கேலி பண்ணுதுக. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அழுகுதாம்" என்றார்.

மதினி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ, முகக்கவசம், மொட்டைத்தலை.

"எங்க மதினி கெளம்பிட்டீங்க? ரத்த அணு கொறைவா இருக்கற நேரம். கூட்டத்துக்குப் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல?"

"போயிட்டு வாரேன்."

"அந்த விக்கையாவது வெச்சுக்கிட்டுப் போங்க."

"நீ வேணும்னா வெச்சுக்க."

தனியாக விட மனம் இல்லாமல் நானும் ஆட்டோவில் ஏறினேன். எதற்குப் போகிறார் என்று பாதி தெரிந்தது. தடுக்கத் தைரியம் இல்லை.

காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் வெயிலில் வரிசையாக நின்றார்கள். மதினி மேடை ஏறியதும் அம்புட்டு பேரும் அந்த மொட்டைத்தலையையே பார்த்தார்கள். தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. அவரிடம் போய், "சிஸ்டர், அஞ்சு நிமிஷம்" என்றார். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

மதினி முகக்கவசத்தை இறக்கினார். அவர் மைக் பிடித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. மைதானத்தில் அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கும் தேவைப்படவில்லை.

"எனக்கு வந்திருக்கறது மார்பகப் புற்றுநோய். மார்புன்னு சொன்னா யாரும் சிரிக்காதீங்க. எல்லாருக்கும் இருக்கறதுதான். அது பந்து பட்டு வரல. பந்து பட்டா அது வராது. என் உடம்புக்குள்ள முன்னாடியே இருந்துச்சு. அபிராமி எறிஞ்ச பந்தாலதான் நான் கண்டுபிடிச்சேன். இனிமே அந்தப் புள்ளய எவளாவது ஒரு வார்த்த சொன்னா, கிரவுண்ட சுத்தி இருவது ரவுண்டு. வீட்டுக்குப் போயி ஒங்க அம்மாகிட்ட, பெரியம்மாகிட்ட, சித்திகிட்ட எல்லாம் சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு தடவ தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. கட்டி இருந்தா மறைக்க வேணாம். மறைச்சா அது போயிராது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அபிராமி, சாயங்காலம் பிராக்டிஸுக்கு வரணும்" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் கீழே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதது எனக்குத் தெரிந்தது. அப்போதும் என் மனசு அந்தப் பெண்ணிடம் இல்லை, வத்தலக்குண்டில் இருந்தது. இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆயிரம் பிள்ளைகள் ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். "பரம்பரையா வர்ற வியாதியோன்னு அவங்க வீட்ல பேசிக்கிடறாங்க. இப்ப வேணாம்னு சொல்லச் சொன்னாக."

பிரின்சி அழவில்லை. "அத்தையோட முடிய பாத்துப் பாராட்டின வீடுதான? போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான்தான் அன்றிலிருந்து மதினியோடு பேசுவதை நிறுத்தினேன்.

இரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியை எதிர்க்கிற படை அதுதான். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மதுரைக்கு ஓடினோம். தனி அறையில் வைத்து மருந்து ஏற்றினார்கள். "பள்ளிக்கூடத்துக்குப் போனதாலதான டாக்டர்?" என்று மதினி காதில் விழும்படியே கேட்டேன். "இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அவங்க உடம்புல இருக்கற கிருமியே போதும்" என்றார் டாக்டரம்மா.

ஐந்து நாள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முகம் துடைத்துவிட்டேன், கஞ்சி கொடுத்தேன், கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேச்சு கொடுக்கவில்லை. சுவரில் இருந்த பல்லியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாலாம் நாள் மருந்து வாங்கக் கீழே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "நீங்க ஸ்டெல்லா டீச்சர் வீடுதான? அன்னைக்கு மேடைக்குக் கீழ நின்னீகளாமே. எம்மக போட்டோவக் காட்டுச்சு" என்றார். செம்பட்டிக்காரர். வெங்காயக் கமிஷன் கடையில் வேலை. மகள் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

"எட்டு மாசமா ஒரு கட்டி இருந்துச்சுக்கா. வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லல. ஆளில்லாதப்ப தொட்டுத் தொட்டுப் பாப்பேன். செத்தா புள்ளய யாரு பாப்பான்னு எம்மாத்தா போட்டோவுக்கு முன்னாடி ஒக்காந்து அழுவேன். எம்மக வந்து, டீச்சரே மொட்டத் தலயோட மேடையில நின்னு சொன்னாக, நீ பாத்தியாம்மான்னு கேட்டுச்சு. அன்னைக்கே கெளம்பிட்டேன்."

அவர் பக்கத்தில் நகர்ந்து கேட்டேன். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "வெறும் கொழுப்புக் கட்டியாம்! ஒண்ணும் செய்ய வேணாமாம். எட்டு மாசம், அக்கா! எட்டு மாசம் சும்மா செத்துக்கிட்டு இருந்திருக்கேன்." அங்கேயே என் கையைப் பிடித்து இழுத்துப்போய், வேண்டாம் என்றாலும் விடாமல் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பி வந்தேன். மதினி கண்ணை மூடிப் படுத்திருந்தார். "மதினி, கீழ ஒரு பொம்பளயப் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன். கொழுப்புக் கட்டி என்ற இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்ப்புண்ணோடு சிரித்ததில் வலித்து, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடு. ஆறு நாளா பேசாட்டியும் கஞ்சிக்கு உப்பு சரியாத்தான் போட்ட."

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். எட்டு கீமோ முடிந்து ஆபரேஷன். இடது மார்பை முழுவதுமாக எடுத்து, அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். உள்ளே ஊறுகிற நீர் வெளியேற ஒரு குழாயும் அதன் முனையில் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குடுவையும் வைத்து அனுப்பினார்கள். தினமும் நீரின் அளவைப் பார்த்து எழுதும் வேலையைப் பிரின்சி எடுத்துக்கொண்டாள். பிறகு கரண்ட், இருபத்தைந்து நாள். நெஞ்சில் மையால் கோடு போட்டிருப்பார்கள். அது அழியாமல் குளிக்க வேண்டும். தினமும் பேருந்தில் மதுரை போய், மூன்று நிமிடம் படுத்துவிட்டு, திரும்பி வருவோம். நெறிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கும். அந்தக் கையில் ஊசி போடவும் கூடாது, பிரஷர் பார்க்கவும் கூடாது. யார் ஊசியோடு வந்தாலும் மதினி வலது கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்று அதட்டுவார்.

இடது பக்கம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று, நான் பருத்தித் துணியில் பை தைத்து, கனத்துக்குக் கொஞ்சம் கேழ்வரகு போட்டு, உள்பாடியில் பொருத்திக் கொடுத்தேன். தொழில்காரியின் பெருமையோடுதான் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு செலின். ஆனா ஓடுறப்ப ஒரு பக்கமா இழுக்குது. பாக்கறவுக பாக்கட்டும், எனக்கென்ன?" அதன்பின் அவருடைய ஜாக்கெட்டுகளை, இருக்கிற உடம்புக்கு ஏற்றபடி இடது பக்கம் தட்டையாகவே வெட்டித் தைத்தேன். அவ்வளவு கச்சிதமான ஜாக்கெட்டை நான் யாருக்கும் தைத்ததில்லை.

இரண்டரை வருடம் நன்றாக இருந்தார். மைதானத்துக்குப் போனார். அபிராமி மாவட்ட அணியில் ஆடினாள். பிரின்சிக்கு வேறு ஒரு சம்பந்தம் வந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்ததும், காபி கொடுப்பதற்கு முன்பே மதினி எழுந்து, "எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் பண்ணியிருக்கு. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார். பையனின் அப்பா ஒட்டன்சத்திரத்துக்காரர். அவர், "நல்லதுங்க டீச்சர். எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க, பைபாஸ் பண்ணியிருக்குதுங்க. நம்ம பக்கமும் சொல்லீட்டமுங்க. இனிக் காபி குடிக்கலாமுங்களா?" என்றார். பிரின்சி இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வருடம் முதுகுவலி என்றார். ஸ்கேனில் முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவியது தெரிந்தது. இனி முழுவதுமாகப் போக்க முடியாது, தள்ளிப்போடலாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. மதினி கேட்டுவிட்டு, "சரி. தள்ளிப்போடற வரைக்கும் தள்ளுவோம்" என்றார். எட்டு மாதம் தள்ளினார். வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரை எடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவாய் என்று ஒரு சொந்தக்காரர் புத்தி சொன்னபோது, "வலியில பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா பரிசா குடுப்பாங்க? நீங்க வேணா கடிங்க" என்றார். அந்த எட்டு மாதத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியது அந்த மாத்திரையால்தான். வலிக்கிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக மூச்சுத் திணறல். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் உறவெல்லாம் வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டு மூச்சுக்குழாய் வைக்கலாம், ஆனால் நோய் அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. "வைக்கச் சொல்லு. இல்லேன்னா பாக்காம விட்டுட்டாகன்னு ஊரு பேசும்" என்றார் அந்தோணியின் பெரியப்பா மகன். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார்.

மதினி இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு கோடு போட்ட தாளில், கரும்பலகையில் எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில், எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். "எனக்கு மூச்சுக்குழாய் வைக்கக் கூடாது. என்னை வீட்டுக்குக் கூட்டிச் செல்லவும்." நான் அந்தத் தாளை எடுத்து எல்லோருக்கும் முன்னால் சத்தமாக வாசித்தேன். 

"ஊரு பேசட்டும்ணே. ஊரு பேசினது எதையும் எங்க மதினி காதுல வாங்குனதில்ல" என்றேன்.

ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள் இருந்தார். மாடி அறையில், பகல் பதினொரு மணிக்கு, அந்தோணி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருக்க, பிரின்சி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு நின்றது. போராடவில்லை. அதுவரை போராடியது போதும் என்று இருந்தது அவர் முகம்.

அன்று மாலை அச்சகத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் மாதிரி அந்தோணியின் போனுக்கு வந்தது. பெரியப்பா மகன்தான் எழுதிக் கொடுத்திருந்தார். "உடல்நலக் குறைவால் இறைவனில் இளைப்பாறினார்" என்று இருந்தது. நான் போனை வாங்கி அச்சகத்துக்குப் பேசினேன்.

"உடல்நலக் குறைவுங்கறத எடுத்துட்டு, மார்பகப் புற்றுநோயால்னு போடுங்க."

"அக்கா, போஸ்டர்ல அப்பிடியெல்லாம் யாரும் போடறதில்லக்கா. மாரியம்மன் கோயில் செவுத்துல, பஸ் ஸ்டாண்டுலயெல்லாம் ஒட்டுவோம். பொம்பளப் புள்ளைக பாக்கும்."

"பாக்கணும்னுதான் தம்பி போடச் சொல்றேன். நல்லா பெரிய எழுத்துல போடுங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, பேருந்து நிலையத்துப் பக்கம் நூல்கண்டு வாங்கப் போனேன். சுவரில் மதினி சிரித்துக்கொண்டிருந்தார். கான்வாஸ் ஷூ தெரியும்படி எடுத்த முழுப்படம். கீழே அந்தச் சொல், நாற்பதடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். கூடையோடு இரண்டு பெண்கள் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஒருத்தி குரலைத் தாழ்த்தி மற்றவளிடம் ஏதோ கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை.

நான் பக்கத்தில் போனேன். "எங்க நாத்தனார்தான். சத்தமாவே கேளுங்க, சொல்றேன்" என்றேன்.